பிரேக் மிதித்தால் உதறும் ஸ்டீயரிங்

மே 19, ஞாயிறு, இரவு

ஏலகிரியிலிருந்து இறங்கினோம். 14 கொண்டை ஊசி வளைவையும் மூன்றாவது கியரில், பிரேக்கிலேயே காலை வைத்து இறக்கினேன். அது தப்புதான். பொன்னேரியில் டீக்கு நிறுத்தியபோது முன்சக்கரத்தில் கருகல் வாடை. மச்சான் தண்ணீர் பாட்டிலோடு போனான். "டேய், சூட்டுல ஊத்தாதடா" என்று நைனா அதட்டி நிறுத்தினார்.

மாதனூர் கிட்டே ஒரு லாரி சட்டென்று குறுக்கே வந்தது. 90இல் பிரேக் மிதித்தேன். ஸ்டீயரிங் கையிலேயே உதறியது, 60க்குக் கீழே வந்ததும் அடங்கிவிட்டது. "மறுபடியுமாடா?" என்றார் நைனா. ஜனவரியில் இதே உதறலுக்குத்தான் முன் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) இரண்டையும் புதிதாகப் போட்டேன். அதற்கப்புறம் 5,000 கி.மீ. கூட ஓடவில்லை.

மே 20, திங்கள்

வீல் பேலன்ஸிங் செய்தால் போய்விடும் என்றார்கள், செய்தேன். போகவில்லை. பேலன்ஸ் கோளாறு என்றால் பிரேக் தொடாமலே அந்த வேகத்தில் ஆடியிருக்க வேண்டும். இதில் பிரேக் மிதித்தால்தான் ஆட்டம். தெரிந்தும் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 22, புதன்

விடியற்காலை பெருமுகைப் பக்கம் ரோடு காலியாக இருந்தது. பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு 90இலிருந்து மெதுவாக பிரேக் பிடித்தேன். ஸ்டீயரிங் ஆடியது, பெடலும் பாதத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. வேகம் குறையக் குறைய அந்தத் துடிப்பும் நிதானமானது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்தால் காலில் கரகரவென்று வேறு மாதிரி இருக்கும், அதுவும் டயர் வழுக்கும்போதுதான். இது அதில்லை.

அப்புறம் சர்வீஸ் ரோட்டில் 40இல் ஹேண்ட் பிரேக் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். அது பின்சக்கர டிரம்மை மட்டும்தான் பிடிக்கும். ஒரு நடுக்கமும் இல்லை. ஆக, கோளாறு முன்னால்தான்.

மே 25, சனி

காட்பாடியில் நைனாவுக்குத் தெரிந்த பாய் ஒருவர். லாரி ஓட்டிய காலத்துப் பழக்கம். "மலையில சூடாகி டிஸ்க் வளைஞ்சுபோச்சு பாய்" என்றேன். "வளைஞ்சத நீ பாத்தியா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே சக்கரத்தைக் கழற்றினார்.

டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரின் பின் இரண்டும் தடையில்லாமல் வழுக்கின. சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷை லீவர் போட்டு நெம்பினார், நன்றாகவே இருந்தது. அடுத்து கனம் அளக்கும் மைக்ரோமீட்டர். இடது டிஸ்கைச் சுற்றி எட்டு இடத்தில் அளந்து தரையில் சாக்பீஸால் எழுதினார். அதிகம் 16.65 மி.மீ., குறைவு 16.62. "தலைமுடி கனம் கூட இல்லையே இது" என்றார் நைனா. "அண்ணே, பெடல் துடிக்க இதுவே தாராளம்."

டயல் கேஜ் முள்ளை டிஸ்க் முகத்தில் வைத்துச் சுற்றினால் 0.11 மி.மீ. ஆட்டம். டிஸ்கைக் கழற்றினார். உள்ளே, டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு, ஆறாத புண்ணில் பொருக்குக் கட்டின மாதிரி. ஜனவரியில் அதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது டிஸ்கை உட்கார வைத்து, ஏர் கன்னால் நட்டுகளை வரிசையாக முடுக்கியிருக்கிறார்கள். நான் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிஸ்க் சற்றே சாய்ந்து உட்கார்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம், டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேடில் உரசும், பிரேக் மிதிக்காதபோதும். அந்த இடம் மட்டும் நாளாக ஆகத் தேயும். அதனால்தான் போட்ட புதிதில் வண்டி வெண்ணெயாய் நின்றது, சில ஆயிரம் கி.மீ. கழித்து உதறல் வந்தது. இன்னொரு ஜோடி டிஸ்க் வாங்கிப் போட்டிருந்தாலும் இதே கதைதான். மலை இறக்கத்தின் சூடு, அரைகுறையாக இருந்ததை முழுசாகக் காட்டிக்கொடுத்தது.

வலதுபக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். வயர் பிரஷ், எமரி பேப்பர் போட்டு ஹப் முகம் பளபளக்கிறவரை தேய்த்தார். டிஸ்குகள் லேத்துக்குப் போய் வந்தன. விளிம்பில் குறைந்தபட்சம் 15 என்று பொறித்திருக்கிறது, கடைசலுக்குப் பிறகு 16.3 நிற்கிறது. மாட்டிவிட்டு மறுபடி கேஜ் வைத்தார்: 0.03. நட்டுகளை எதிரெதிராக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முடுக்கினார். இந்த முறை போனை எடுக்கவே இல்லை.

மே 26, ஞாயிறு

பாய் சொன்னபடி பேடு டிஸ்கில் சீராகப் படிய ஓட்டினேன். 60இலிருந்து 10க்கு, பத்துத் தடவை, நடுவில் ஆற விட்டு, எங்கேயும் முழுசாக நிறுத்தாமல். சூட்டோடு நிறுத்தி பெடலை அழுத்தியே வைத்திருந்தால் பேடு பொடி ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளுமாம்.

ஜூன் 30, ஞாயிறு

1,800 கி.மீ. ஆகிறது. மறுபடி ஏலகிரி. இந்த முறை இரண்டாவது கியரில் இறக்கினேன், வாடையே இல்லை. மாதனூரில் 90இலிருந்து வேண்டுமென்றே பிரேக் பிடித்தேன். நைனா டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஜனவரியில் கழற்றி மாடியில் போட்ட பழைய டிஸ்குகள் ஞாபகம் வந்தன. வடாம் காயவைக்கிற துணி பறக்காமலிருக்க அம்மா அவற்றை இரண்டு மூலையில் வைத்திருந்தார். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். ஹப்பில் உட்காரும் முகத்தில் அதே துரு அச்சு, அதே திட்டு.

"பாத்துட்டு அங்கேயே வச்சுடு, துணி பறக்குது" என்றார் அம்மா.