பணகுடிக் காற்றும் அறுபதடிக் குழாயும்

ஆனி பிறந்துவிட்டால் பணகுடிப் பக்கம் காற்று ஓய்வதே இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் அந்தக் காற்றை நம்பித்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. கட்டட வேலைக்கோ அது சோதனை. அங்கே ஒரு வீட்டு வேலையை மேற்பார்வை பார்த்தபோது என் லேசர் மட்டக் கருவியின் முக்காலி அதிர்ந்துகொண்டே இருந்தது. வெயிலில் சிவப்புக் கோடு கண்ணுக்கே தெரியவில்லை. பொழுது சாயும்வரை காத்திருந்து, கருவியை முதல் தூணருகே வைத்து, நான்கு மூலைத் தூண்களிலும் தரைமட்டத்தைக் குறித்தேன்.

மறுநாள் வெயில் ஏறுமுன்பே கொத்தனார் அண்ணாச்சி மட்டக்குழாயோடு வந்துவிட்டார். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்பதை வைத்து அளப்பது அது. உள்ளே இருப்பது தெரிகிற, விரல் பருமனுள்ள பிளாஸ்டிக் குழாய், அறுபதடி நீளம். தண்ணீரில் சொட்டுநீலம் கலந்து, ஒரு குமிழிகூடத் தங்காதபடி மெல்ல இறக்கினார். குமிழி நின்றால் மட்டம் தப்பிவிடும். பாதிக் குழாய் வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தாலும் தப்பும்; சூடான தண்ணீர் லேசாகி அந்தப் பக்கம் சற்று உயர்ந்து நிற்கும். அவர் விடியலில் வந்த காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

முதல் தூணில் என் குறிக்கு நேராகத் தண்ணீரை நிறுத்தினோம். எதிர்மூலையில் என் குறிக்கும் தண்ணீருக்கும் அரை அங்குலம் இடித்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. கருவியை அந்த மூலைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து திருப்பிப் பார்த்தேன். வித்தியாசம் அப்படியே மறுபக்கமாக விழுந்தது. கருவிதான் சாய்ந்திருந்தது. எங்கோ அடிபட்டிருக்க வேண்டும். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. குழாயில் குமிழி இருந்தால் கண்ணெதிரே தெரிந்துவிடும். எனக்கு அதன் மேல் மதிப்பு வந்தது அதனால்தான். நடுவில் சுவர் மறைத்தாலும் அதற்குக் கவலையில்லை.

அறைக்குள் டைல்ஸ் ஒட்டும்போது லேசரை நான் இன்றும் விடமாட்டேன். வெட்டவெளியில் குழாயும் நூலும்தான். அந்த வீட்டுக்கு மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பிடித்ததும் நூலில்தான்: ஒரு பக்கம் 30 அடி, மறுபக்கம் 40 அடி, குறுக்கே 50.

முன்பு அந்தத் தூண்களை வார்க்கப் பலகை நிறுத்திய அன்று காற்று உச்சத்தில் இருந்தது. பலகை செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க நூலில் தொங்கவிட்ட தூக்குக்குண்டு ஊஞ்சலாடியது. அண்ணாச்சி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து குண்டை அதற்குள் இறக்கினார். ஆட்டம் அடங்கியது. மேலே பலகைக்கும் நூலுக்கும் இடைவெளி இரண்டு அங்குலம். கீழே இரண்டே கால். முட்டுக் கம்பைச் சற்றே தட்டினார். மறுபடி அளந்தேன். கீழேயும் இரண்டு.