மாப்பிள்ளை வந்திருக்கும் வாரம்

மே 15, வியாழன்

நாளைக்குத் தங்கச்சி குடும்பத்தோடு வருகிறாள். சென்னையிலிருந்து கடலூருக்குக் காரில், ஆறு நாள் இருப்பார்கள். அம்மா காலையிலிருந்து உட்காரவில்லை. மாடி அறை ஃபேன் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று ஆளை வரவழைத்துப் புதுசாகவே மாட்டியாகிவிட்டது, ஏனென்றால் பொங்கலுக்கு வந்தபோது ராத்திரி ஒரு மணிக்கு அந்தச் சத்தத்துக்காக மாப்பிள்ளை எழுந்து கத்தியதில் எதிர்வீட்டில் விளக்குப் போட்டுப் பார்த்தார்கள். அம்மா அதை மறக்கவே இல்லை. எனக்கும் சில உத்தரவுகள் வந்திருக்கின்றன. வேலையைப் பற்றிக் கேட்காதே. கார் சாவியை யாரும் இடம் மாற்றக் கூடாது. சாப்பாடு ஒரு மணிக்கு இலையில் இருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் கத்தாரிலிருந்து பேசினார். "நீ எதுலயும் தலையிடாத, ஆறு நாள்தானே" என்றார். சரி என்றேன்.

தங்கச்சியைப் பார்த்து நாலு மாசம் ஆகிறது. அவள் வருகிற சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க முடியாமல் வயிற்றில் ஏதோ பிசைந்துகொண்டே இருக்கிறது, அதற்காகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். யார் பெயரும் போடப் போவதில்லை.

மே 16, வெள்ளி

பதினொன்றுக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒன்றரைக்கு வந்தார்கள். அரியாங்குப்பத்திலும் முருங்கப்பாக்கத்திலும் வண்டி நகரவே இல்லையாம். கத்திரி வெயில் வேறு. தெருமுனையில் ஹாரன் கேட்கும்போதே அம்மா ஓடிப்போய் கேட்டைத் திறந்தாள், ஒரு பக்கக் கதவின் கொக்கி மாட்டிக்கொண்டு வரவில்லை, அவ்வளவுதான். "வர்றோம்னு தெரியும்ல, இதைக்கூடத் திறந்து வைக்க முடியாதா?" என்று காருக்குள்ளிருந்தே சத்தம். எழுபது வயது அம்மா, வெயிலில், வெறுங்காலோடு நின்று அந்தக் கொக்கியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

தங்கச்சி இளைத்திருக்கிறாள். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது, "பெரியம்மா" என்று சொன்னால் பாதி காற்றுதான் வருகிறது.

ராத்திரி ஒன்றைக் கவனித்தேன். நானும் தங்கச்சியும் சமையலறையில் மாவு எடுத்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். வெளியே போயிருந்த மாப்பிள்ளை திரும்பி வந்து சாவியை மேசையில் போட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் பேச்சை நிறுத்தினாள், தலையைக் கொஞ்சம் சாய்த்தாள், அப்புறம் "பரவாயில்ல, நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாள். எனக்குக் கையெல்லாம் சில்லிட்டுப் போனது. இதை நான் எங்கள் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் தெருவில் கேட்டால் நாங்கள் இரண்டு பேரும் இப்படித்தான் காது கொடுப்போம். ஸ்டாண்டை மெதுவாகப் போட்டால் ஒரு மாதிரி, உதைத்துப் போட்டால் வேறு மாதிரி. டி.வி.யை அணைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவளுக்கு அந்தக் காது அப்படியே இருக்கிறது.

மே 17, சனி

மீன் பிரச்சினை. மாப்பிள்ளைக்கு வஞ்சிரம் வறுவல் வேண்டும் என்று தங்கச்சி போனிலேயே சொல்லியிருந்தாள். இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, கரையை ஒட்டிப் போகிற ஃபைபர் படகுகளில் வருவதுதான் மீன். அம்மா விடியற்காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து முதுநகர் துறைமுகத்துக்கே போய்விட்டாள். இருந்த வஞ்சிரம் ஒன்றிரண்டும் ஓட்டல்காரர்கள் கைக்குப் போய்விட்டதாம், துள்ளத் துடிக்க இருந்த கானாங்கெளுத்தியை வாங்கி வந்து அவளே ஆய்ந்து, மசாலா அரைத்து, குழம்பும் வறுவலும் வைத்தாள். மஞ்சக்குப்பத்திலேயே வாங்கியிருக்கலாம், ஆனால் ஐஸ் மீன் என்று தெரிந்தால் என்ன சொல்வாரோ என்ற பயம்.

இலையில் வைத்ததும் ஒரு துண்டை விரலால் புரட்டிப் பார்த்தார். "கடலூருக்கு வந்து இந்த மீனைத்தான் சாப்பிடணுமா?" என்றார். தங்கச்சி தடைக்காலம் என்று சொல்ல வாயெடுத்தாள். "எனக்குப் பாடம் எடுக்காத" என்று ஒரு அதட்டல். சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டார். குழம்பு இலை ஓரத்தில் வழிந்து மேசையின் விளிம்பிலிருந்து சொட்டியது, குட்டி தன் கவுனின் நுனியால் அதைத் துடைத்தாள். ஏழு வயதுக் குழந்தை, யாரும் சொல்லாமல்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மா ஆம்லெட் போட ஓடினாள். தங்கச்சி மாடிக்குப் போனாள், சமாதானம் செய்ய. நான் மோர் கலக்கிக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் நான்கு பேர் சாப்பிட உட்கார்ந்த வீட்டில் ஒருவர் கோபப்பட்டதும் மூன்று பேரும் அவருக்காக ஆளுக்கொரு திசையில் ஓடிக்கொண்டிருக்கிறோம், எங்கள் இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. கையில் மத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். இதை யார் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது? அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன், உட்கார்ந்து சாப்பிடும்மா, பசித்தால் வருவார். "மாப்பிள்ளையைப் பட்டினி போடுறதா?" என்று என்னையே திட்டினாள்.

சாயங்காலம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான், தங்கச்சி, குட்டி மூன்று பேரும் தேவனாம்பட்டினம் போனோம். சனிக்கிழமைக் கூட்டம். குட்டிக்கு மாங்காய் வாங்கிக்கொடுத்து அலை தொடாத இடத்தில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தோம். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. "கை நீட்டுறாரா?" என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், மணலில் சங்குப் பூச்சி போட்ட கோட்டைப் பார்த்துக்கொண்டே, "இல்லக்கா. சத்தியமா இல்ல. கத்துறதுதான். அப்புறம் ரெண்டு நாள் பேசமாட்டாரு. அப்புறம் அவரே குட்டிக்கு ஏதாவது வாங்கிட்டு வருவாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா அளவுக்கு இல்ல" என்றாள்.

அது என்ன அளவு? அவளுக்கு அப்பாதான் அளவுகோல் ஆகிவிட்டார். அதற்குக் கீழே இருந்தால் எல்லாம் பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

அடித்தால்தான் கொடுமை என்று இல்லை என்று சொன்னேன். 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலேயே வார்த்தையால் அவமானப்படுத்துவதும் மனசை நோகடிப்பதும் சேர்த்திதான், பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டத்தில் எங்களுக்கு இதை விளக்கினார்கள். பெண்களுக்கான உதவி எண் 181 என்பதையும் சொன்னேன். கேஸ் போடு என்று சொல்லவில்லை, தெரிந்து வைத்துக்கொள் என்றுதான் சொன்னேன். அவள் பயந்துவிட்டாள். "அவரு அவ்ளோ கெட்டவரு இல்லக்கா" என்றாள். கெட்டவர் என்று நானும் சொல்லவில்லையே. கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் விடவில்லை.

மே 18, ஞாயிறு

புதுச்சேரி போகலாம் என்று அவரே சொன்னார், நல்ல மனநிலையில் இருந்தார். காலையில் அம்மாவின் மிக்ஸி ஜாரைப் பிரித்து பிளேடை மாற்றிக் கொடுத்திருந்தார். நான்கு மணிக்குக் கிளம்பினோம், அம்மா வரவில்லை. பெண்ணையாற்றுப் பாலம் வரை குட்டியோடு விடுகதை போட்டுக்கொண்டு வந்தார், உண்மையிலேயே சிரிக்கச் சிரிக்கப் பேசினார், இதை எழுதாமல் விட்டால் நியாயமில்லை. கிருமாம்பாக்கம் தாண்டி வண்டிகள் நெருங்கியதும் பேச்சு குறைந்தது. தவளக்குப்பத்தில் ஒரு பைக் குறுக்கே வந்தது, அவ்வளவுதான், ஸ்டியரிங்கைக் குத்த ஆரம்பித்தார்.

ஊருக்குள் போவதற்குள் ஆறு மணி ஆகிவிட்டது. ஆறுக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, வெளியூர்க் கூட்டம், எந்தத் தெருவிலும் நிறுத்த இடமில்லை. மூன்றாவது சுற்றில் குட்டியின் கையிலிருந்த ரோஸ் மில்க் சீட்டில் கொட்டியது.

அவர் திரும்பிப் பார்த்துப் போட்ட சத்தத்தை எழுத்தில் போட முடியாது. குட்டி அழவில்லை. அதுதான். இரண்டு தோளையும் காதுவரை தூக்கிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முடிகிற வரைக்கும் அப்படியே இருந்தாள். தங்கச்சி முன் சீட்டில் அதே மாதிரி தோளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பின்னாலிருந்து எனக்கு இரண்டும் தெரிந்தது.

"தம்பி, வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றேன். என் குரல் நடுங்கியது, ஆனால் கத்தவில்லை. நிறுத்தினார். "நானும் குட்டியும் இறங்கி நடக்கறோம். நீங்க நிதானமா இடம் பார்த்து நிறுத்திட்டு வாங்க. அவ சின்னப் புள்ள. இந்தச் சத்தம் அவளுக்கு வேணாம்." வேறொன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து குழந்தையை இறக்கிக் கூட்டிப் போனேன். காந்தி சிலை வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பாறைக்கு அந்தப் பக்கம் அலை அடித்துத் தெறித்தபோதுதான், "பெரியம்மா, சீட்டுல கறை போயிடுமா?" என்று கேட்டாள்.

போயிடும்டா என்றேன். நாற்பது நிமிஷம் கழித்து அவர்கள் வந்தார்கள். திரும்பி வரும் வழி முழுக்க யாரும் பேசவில்லை.

மே 19, திங்கள்

அம்மா என்னோடு பேசவில்லை. தங்கச்சி சொல்லித் தெரிந்திருக்கிறது. மத்தியானம் துணி மடிக்கும்போது வெடித்தாள். "வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை நடுரோட்டுல நிறுத்தச் சொன்னியாமே? அந்தக் கோபத்தை நாளைக்கு அவதானே வாங்கிக் கட்டிக்கணும்?"

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நேற்று ராத்திரி முழுக்க நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பேசிவிட்டு இங்கே இருந்துவிடுவேன். கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு வாழப் போவது அவள். ஆனால் நாங்கள் பேசாமல் இருந்த எட்டு வருஷத்தில் மட்டும் அவளுக்கு என்ன குறைந்தது? அம்மாவிடம் இதைக் கேட்டேன், அவள் சேலையை மடித்துக்கொண்டே இருந்தாள். ஒரே சேலையை மூன்று தடவை பிரித்து மடித்தாள்.

சாயங்காலம் கரண்ட் போனது. வாசல் திண்ணையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் விசிறியை எடுத்துக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். பசியில்லை, வண்டி ஓட்டவில்லை, கூட்டமில்லை, இதுதான் நேரம் என்று தோன்றியது.

அவரே ஆரம்பித்தார். "நேத்து நீங்க அப்படிச் சொன்னது எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுக்கா." சரி என்றேன். "எல்லார் முன்னாடியும்." முன்னாடி சொன்னதற்கு வருத்தம்தான், சொன்னதற்கு வருத்தமில்லை என்றேன். பேசாமல் இருந்தார். அப்புறம், ஆபீஸில் இரவு இரண்டு மணிவரை போன் கால் இருக்கிறது, வீட்டுக் கடன் தவணை ஏறிவிட்டது, தூக்கமே நாலு மணி நேரம்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் உண்மைதான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஆபீஸில் மேலதிகாரியிடம் இப்படிக் கத்துவீர்களா என்று கேட்டேன். "அங்க எப்படிக்கா கத்த முடியும்?" என்றார், சொல்லி முடித்ததும் கீழே பார்த்துக்கொண்டார்.

எங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். இவரிடம் நாங்கள் யாரும் சொன்னதே இல்லை. ஸ்கூட்டர் ஸ்டாண்ட் சத்தம், டி.வி.யை அணைப்பது, எல்லாம். சாவியை நீங்கள் மேசையில் வைக்கிற சத்தத்தை அவள் எப்படிக் கேட்கிறாள் என்பதையும் சொன்னேன். "குட்டி இன்னும் சாவி வரைக்கும் வரல தம்பி. தோளைத் தூக்கறதுல இருக்கா" என்றேன்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. கரண்ட் வந்ததும் எழுந்து உள்ளே போனார்.

மே 20, செவ்வாய்

அமைதியான நாள். மூன்று பேரும் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள். மத்தியானம் சாம்பாரில் உப்பு தூக்கல், அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. தங்கச்சி எழுந்திருக்கப் பார்த்தாள், நான் மேசைக்குக் கீழே அவள் முழங்காலை அழுத்திப் பிடித்தேன். யாரும் ஓடவில்லை. அவர் தயிரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார். ஒரு நாளை வைத்து எதையும் நம்ப நான் தயாரில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

மே 21, புதன்

காலை ஆறரைக்குக் கிளம்பினார்கள், வெயிலுக்கும் கூட்டத்துக்கும் முன்னால். பண்ருட்டிப் பலா ஒன்றை நேற்றே அறுத்து, சுளை எடுத்து டப்பாவில் போட்டு வைத்திருந்தாள் அம்மா.

அவர் காரில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தங்கச்சி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். ஒரு பழுப்புக் கவர். அவளுடைய மார்க் ஷீட், டிகிரி, பி.எட். சான்றிதழ் எல்லாம் அதில் இருந்தன. "உன் பீரோல இருக்கட்டும்க்கா. ரெண்டு செட் காப்பி எடுத்து எனக்கு அனுப்பு. எங்க தெருவுல ஒரு ஸ்கூல்ல ஆள் கேட்டிருக்காங்க" என்றாள். எப்போது கொண்டுவந்தாள்? வரும்போதே பெட்டிக்கு அடியில் வைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"அவருக்குத் தெரியுமா?" என்றேன். "சொல்லுவேன்" என்றாள்.

அம்மா கேட்டின் இரண்டு கதவையும் முன்பே திறந்து வைத்திருந்தாள். கொக்கியில் தேங்காய் எண்ணெய் போட்டிருந்தது. கிளம்பும்போது அவர் அம்மாவிடம், "வெயில்ல நிக்காதீங்க அத்தை, உள்ள போங்க" என்றார்.

பதினொன்றரைக்குத் தங்கச்சி போன் செய்தாள், வந்து சேர்ந்துவிட்டோம் என்று. பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அவர் குரல் கேட்டது, பலாச்சுளை டப்பாவை ஃப்ரிட்ஜில் வைக்கவா என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பேச்சை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து, அந்தக் குரல் முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.