கடற்படைத் தளத்துத் தமிழர்களைப் பதிவு செய்தபோது

பல்கலைக்கழக வரலாற்றுத் துறையில் என் இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு, சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றை எடுத்துக்கொண்டேன். இதே வேலையில் இறங்க நினைக்கும் மாணவர்களுக்கும், வீட்டுப் பெரியவரிடம் யாராவது ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தால் எதையெல்லாம் கேட்டுத் தெளிய வேண்டும் என்று அறிய விரும்பும் குடும்பங்களுக்கும் உதவும் என்பதால், அது நடந்த விதத்தை எழுதுகிறேன்.

மனிதர்களைச் சந்தித்துத் தகவல் திரட்டும் ஆய்வு என்பதால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்த பிறகே முதல் பேட்டியைத் தொடங்க முடியும். என்ன கேள்விகள் கேட்போம், பதிவை எங்கே வைத்திருப்போம், யார் யார் அதைக் கேட்கலாம் என்பதையெல்லாம் எழுத்தில் கொடுக்க வேண்டும். பலர் இதை வெறும் தாள் நிரப்பும் வேலையாகப் பார்க்கிறார்கள். எனக்கோ முழு ஆய்விலும் இதுவே முக்கியமான கட்டமாகப் பட்டது. படிவத்தில் 'இந்த ஆய்வேட்டுக்கு மட்டும்' என்று எழுதிவிட்டால், மாணவர் பட்டம் பெற்றுச் சென்ற பின் அந்தக் குரலை எந்தக் காப்பகத்திலும் சேர்க்க வழியில்லை. மறுபடியும் போய்க் கையெழுத்து வாங்கலாம் என்றால், எண்பதைக் கடந்த பெரியவர் அப்போது நம்மோடு இருப்பார் என்பதற்கு என்ன உறுதி? ஆகவே ஆய்வில் பயன்படுத்துவது, பெயரை வெளியிடுவது, காப்பகத்தில் வைப்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேட்கும்படி தமிழில் படிவம் அமைத்தேன்.

ஈசூனில் ஓர் ஐயா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வீட்டுப் பத்திரம் மாதிரி இருக்கே?" என்று கேட்டார். கருவியை இயக்குவதற்கு முன்பே ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டினேன். பேச்சை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், பிறகு மனம் மாறினால் பதிவை அழித்துவிடச் சொல்லலாம் என்று கேட்ட பிறகுதான் அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

பேட்டிக்குப் போகும் முன் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979இல் தொடங்கப்பட்டது. அதன் தமிழ்ப் பேட்டிகளைக் கேட்டாலே, எந்தக் கேள்வி பேச வைக்கிறது, எது வாயை அடைத்துவிடுகிறது என்பது புரியும். 1935 முதல் வெளிவரும் தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியம் மின்னிலக்கமாக்கியிருக்கிறது. 1938இல் தளத்தில் கப்பல்களைப் பழுதுபார்க்கும் பெரிய உலர் துறை திறக்கப்பட்டதையும், 1952ஆம் ஆண்டின் முடிவில் தளத் தொழிலாளர்கள் நடத்திய வேலை நிறுத்தத்தையும், பிரிட்டிஷ் படைகள் விலகும் என்று 1968 ஜனவரியில் வந்த அறிவிப்பையும் அறியாமல் அந்தக் குடும்பங்களின் முன் உட்காருவது அவர்களுடைய நேரத்தை வீணாக்குவதாகும்.

அதே ஐயா வேலை நிறுத்தத்தின்போது சிறுவன். ஆண்டு அவருக்கு நினைவில்லை. "தங்கச்சி பொறந்து தொட்டில்ல கெடந்தா, பொங்கல் வரப் போவுது, அப்பா வேலைக்குப் போகாம வீட்டுலயே இருக்காரு" என்றார். அம்மா மரவள்ளிக்கிழங்கை அவித்து ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு வைத்ததையும், கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு கடைக்காரர் அரிசி கொடுத்ததையும் சொன்னார். தங்கையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தோம். நாளிதழ்ச் செய்திகளோடு காலம் பொருந்தியது. தொழிற்சங்கக் கோரிக்கைகளும் பேச்சுவார்த்தைகளும் பத்திரிகையில் உண்டு. கடைக்காரரின் கடன் நோட்டு அதில் வராது. போராட்டம் நீடிக்க அந்த நோட்டும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அதை ஆய்வேட்டில் விரிவாகவே எழுதினேன்.

1968க்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றிப் பேசுவது பலருக்குக் கடினமாக இருந்தது. தளத்தின் கப்பல் பட்டறை ஒரு வெள்ளி என்ற பெயரளவுத் தொகைக்குச் சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அது வரலாற்று நூல்களில் இருக்கிறது. குடியுரிமை இல்லாத தொழிலாளர் பலர் வேலை போய்ப் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியபோது குடும்பங்கள் கடலுக்கு இருபுறமும் பிரிந்ததைப் பிள்ளைகள் சொல்லித்தான் கேட்க முடிகிறது. அந்த இடங்களில் நான் அடுத்த கேள்விக்கு அவசரப்படவில்லை. ஓர் ஆன்ட்டி தம் அப்பாவைப் பற்றிப் பேசியதைப் பிறகு நீக்கச் சொன்னார். அந்தப் பகுதியை அழித்துவிட்டு, அதை நம்பி நின்ற பத்தியையும் எடுத்துவிட்டேன்.

இந்த ஆய்வு பல்கலைக்கழகத்தின் பழைய கதையையும் எனக்குக் காட்டியது. 1949இல் ராஃபிள்ஸ் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வேர்களில் அது ஒன்று. 1950களில் அங்கே இந்தியவியல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் தொடங்கினார். சாதாரணத் தொழிலாளர்கள் தங்களால் இயன்ற ஒரு வெள்ளியைக் கொடுத்தார்கள். தம் அப்பாவும் கொடுத்தவர் என்று ஒருவர் என்னிடம் பெருமையோடு சொன்னார். அப்படிக் கொடுத்தவர்களின் வீட்டுக் கதையைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஆய்வேடாக்கி, நூலக அலமாரியில் வைத்துவிட்டு ஒரு வரலாற்றுத் துறை ஒதுங்கிவிடக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன்.

அதனால் எழுத்துப்படிகளைத் தமிழிலேயே, பேசியது பேசியபடி தயாரித்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒலிப்பதிவோடு கொடுத்தேன். புகைப்படங்களை அவர்கள் வீட்டு மேசையிலேயே ஸ்கேன் செய்து, மூலப்படங்களை உடனே ஆல்பத்தில் செருகினேன். பிறகு என் மேற்பார்வையாளரின் உதவியோடு சமூக மன்ற அறை ஒன்றில் எல்லோரையும் கூட்டினோம். பங்குனி உத்திரக் காவடிப் படம் ஒன்றில் முன்னால் நிற்பவர் யார் என்று இரண்டு பெரியவர்களுக்குள் வாக்குவாதம் மூண்டது, இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பெயர்களையும், யார் எதைச் சொன்னார் என்ற குறிப்போடு, படத்தின் கீழ் எழுதினோம்.

காப்பகத்தில் வைக்கச் சம்மதித்தவர்களின் பதிவுகளை ஒப்படைப்பதற்கான பட்டியலைத் தயாரித்து வருகிறேன். ரயில்வே ஊழியர் குடும்பங்களைப் பற்றி ஆராயவிருக்கும் இளைய மாணவி ஒருவர் தமிழ்ப் படிவத்தைக் கேட்டார்; அதையும், பெரியவர்கள் அதைப் பற்றிக் கேட்ட கேள்விகளையும் அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.