திரைக்குப் பின்னால் கதிர்காமத்து முருகன்

இலங்கைக்கு ஊர் சுற்றத்தான் போனோம். பெங்களூரில் கூட வேலை பார்க்கும் தோழிகள் போட்ட திட்டத்தில் காலிக் கோட்டை, எல்ல ஒன்பது வளைவுப் பாலம், யால காட்டில் சிறுத்தை எல்லாம் இருந்தது, கதிர்காமம் மட்டும் இல்லை. நான் தர்மபுரி குமாரசாமிப்பேட்டையில் முருகன் கோயில் மணி கேட்டு வளர்ந்தவள், அவ்வளவு பக்கத்தில் போய்விட்டு கதிர்காமத்தானைப் பார்க்காமல் திரும்பினால் அம்மா முகத்தில் எப்படி முழிப்பது? எல்லவிலிருந்து யாலவுக்குப் போகிற வழியில் ஒரு ராத்திரி அங்கே தங்கலாமா என்று கேட்டேன், உடனே சரி என்றார்கள்.

காலிக் கோட்டை அழகுதான். போர்த்துக்கீசியர் தொடங்கி டச்சுக்காரர்கள் பெரிதாகக் கட்டிய மதில், கீழே கடல், சாயங்காலம் அதன்மேல் நடப்பது சுகம். பாலமும் அப்படித்தான். அந்தப் படங்களை நீங்கள் நூறு இடத்தில் பார்த்திருப்பீர்கள், அதனால் கதிர்காமத்துக்கே வந்துவிடுகிறேன்.

வெல்லவாய தாண்டி புத்தல வழியாக இறங்கும் சாலை யால காட்டை ஒட்டியே போகிறது. ஓட்டுநர் அண்ணன் பதுளைப் பக்கத்து மலையகத் தமிழர். "கண்ணாடிய ஏத்திக்கங்க தங்கச்சி, பழத்த மடியில வச்சிக்காதீங்க" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, சாலையோரம் ஒரு கொம்பன். கோயிலுக்குப் பழத்தட்டோடு வரும் வண்டிகளை மறித்து வாங்கித் தின்று பழகிய யானைகளாம். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் தோட்டத்தில் யானை இறங்கினால் ஊரே பதறுவதைப் பார்த்தவள் நான், இங்கே அண்ணன் நிதானமாக ஒதுங்கி நின்று "முருகன் ஊட்டு வாசல்ல பிள்ளையார் நிக்கிறாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் கை தானாகக் கூடியது.

கோயிலுக்கு முன்னால் மாணிக்க கங்கை ஓடுகிறது. பெரிய மருத மரங்கள் இரண்டு பக்கமும் நிழல் போட, ஆழம் அதிகமில்லாத தெளிந்த தண்ணீர். குளித்துவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே போகிறார்கள். கரையோரக் கடைகளில் பூஜைத் தட்டு வாங்கலாம்: நடுவில் அன்னாசி, சுற்றிலும் தர்பூசணி, மாம்பழம், வாழை, தேங்காய், மேலே ஒரு சிவப்பு மாலை. நல்ல கனம், இரண்டு கையாலும் ஏந்தித்தான் நடக்க வேண்டும்.

நான் மனதில் வைத்திருந்தது ஒரு பெரிய ராஜகோபுரம். அங்கே இருப்பதோ ஓடு வேய்ந்த, தாழ்வான, எளிய கட்டடம். முன்னால் தேங்காய் உடைக்கும் இடத்தில் ஒரு சிங்கள அம்மா தேங்காய்மேல் கற்பூரம் ஏற்றி, அது எரிய எரிய உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உதடு மட்டும் அசைய ஏதோ வேண்டினார். சூடு ஏறியிருக்கும், முகம் சுருங்கவே இல்லை. வேண்டி முடித்து ஓங்கி ஒரே அடி, தேங்காய் சிதறியது. என்ன கேட்டாரோ, நடக்கட்டும் என்று நானும் சேர்ந்து வேண்டிக்கொண்டேன்.

மாலை பூஜைக்கு மணிகள் ஒன்றாக முழங்கத் தொடங்கின. உள்ளே சிலை தெரியாது, வள்ளி தெய்வானையோடு முருகன் மயில்மேல் இருக்கும் ஓவியத் திரைதான் தெரியும். அதற்குப் பின்னால் அறுகோணச் சக்கரம், அதாவது யந்திரம், பேழையில் இருக்கிறது, ஆடித் திருவிழாவில் யானைமேல் அந்தப் பேழைதான் வள்ளியம்மன் கோயிலுக்கு எழுந்தருளும். பூஜை செய்பவர்கள் சிங்களக் கப்புறாளைகள், மந்திரம் உரக்க ஓதுவதில்லை, வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குள் போய்விடுகிறார்கள். அபிஷேகம், அலங்காரம், தீபாராதனை என்று கண் நிறையப் பார்த்தே பழகியவளுக்கு முதலில் ஏக்கமாகத்தான் இருந்தது. அப்புறம் கண்ணை மூடினேன், குமாரசாமிப்பேட்டை முருகனின் முகம் அப்படியே வந்து நின்றது. அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற தோழி ஒன்றும் கேட்காமல் தட்டை வாங்கிக்கொண்டாள்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளைச் சேலை கட்டிய வயதான பெண்கள் விளக்கேந்தி வந்து திரைக்கு முன்னால் ஆலத்தி எடுக்கிறார்கள். ஆலத்தி அம்மாக்கள் என்றே பெயர், பரம்பரையாக வரும் சேவை. எங்கள் ஊரில் தைப்பூசத்துக்குப் பெண்கள் மட்டுமே வடம் பிடித்து இழுக்கும் தேர் உண்டு, நானும் அம்மாவோடு பிடித்திருக்கிறேன், உள்ளங்கை சிவந்துபோகும். முருகனுக்குப் பக்கத்தில் நின்று பெண்கள் செய்யும் வேலை கடல் தாண்டியும் இருக்கிறது என்று பார்த்தபோது வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

பூஜை முடிந்து தட்டில் பாதிப் பழத்தைத் திருப்பித் தந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நேராகப் போகும் பாதையில் கிரி வெகர வரை நடந்தோம், வெள்ளை வெளேரென்ற பௌத்த தாதுகோபம், அதாவது ஸ்தூபி. வள்ளியம்மன் கோயில் பக்கத்தில் பள்ளிவாசலும் இருக்கிறது. தெய்வானை அம்மன் சன்னதியில் தமிழ் கேட்டது, திருநீறு கிடைத்தது. அரூர் பக்கத்துத் தீர்த்தமலையைப் பாடிய அருணகிரிநாதர் இந்தக் கதிர்காமத்தையும் பாடியிருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரை வழியாகக் காட்டுக்குள் நடந்தே வரும் அடியார்களுக்குப் போர்க்காலத்தில் வழி அடைபட்டிருந்தது, இப்போது மறுபடியும் வருகிறார்கள். விமானத்திலும் வேனிலும் வந்த நான் அவர்களை நினைத்துக் கும்பிட்டேன்.

இலங்கை போகிறவர்கள் தயவுசெய்து பட்டியலில் கதிர்காமத்தைச் சேருங்கள். எல்லவிலிருந்து சில மணி நேரம்தான். மாலை பூஜைக்கு முன்பே போய்ச் சேர்ந்து ஆற்றில் குளியுங்கள். காலையில் பக்கத்து ஊரான செல்லக் கதிர்காமத்துப் பிள்ளையாரை விட்டுவிடாதீர்கள், யானையாக வந்து வள்ளியைத் தம்பியிடம் சேர்த்துவைத்தவர் அவர்தான். ஆடித் திருவிழாவுக்குப் போவதானால் அறையை ரொம்ப முன்னாடியே பிடித்துவிடுங்கள், நான் அம்மாவுக்கும் சேர்த்து இப்போதே தேடிக்கொண்டிருக்கிறேன்.