நெட்டால் தேசம் போனவர்

ஜனவரி 7, 2024

அத்தைக்கு வயது எண்பத்தைந்து. இன்று பார்க்கப் போனபோது பேச்சு வழக்கம்போல ஆயாவிடம் போய் நின்றது. ஆயா என்றால் அத்தையின் அப்பாவைப் பெற்றவள்; எனக்குக் கொள்ளுப் பாட்டி. கணவர் கப்பலேறிப் போனவர், போனவர்தான். கைக்குழந்தையோடு நின்றவள் கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை.

"மோரீசுக்குப் போனாரு. கரும்புத் தோட்டத்துல செத்துட்டாருன்னு ஊர்ல சொல்லுவாங்க. ஆயா ஒத்துக்கல."

யார் வந்து சொன்னது, எந்த வருஷம் என்று கேட்டேன். அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அதெல்லாம் கேட்டா ஆயா எழுந்து போயிடும்" என்றாள்.

தேடிப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். கொள்ளுத் தாத்தாவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் பயனில்லை: எங்கள் தாலுகாவில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் அந்தப் பெயர்க்காரர் யார் மேலாவது விழும்.

ஜனவரி 21

மொரீஷியஸில் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளின் குடியேற்ற ஆவணங்கள் அங்கேதான். 1834 முதல் அந்தத் தீவில் இறங்கியவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். என் கையில் இருப்பதோ ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஓர் அப்பா. வருஷம் தெரியாமல் அங்கே கதவைத் தட்டுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதுகூட இல்லை. எந்த வைக்கோல் போர் என்றே தெரியாமல் தேடுவது. முதலில் வீட்டுக் காகிதங்களைப் பார்க்க வேண்டும். அண்ணன் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு.

பிப்ரவரி 16

பெட்டியில் மூலப் பத்திரம் இல்லை. வேறொரு கிரயப் பத்திரத்தில் அதன் எண்ணும் வருஷமும் மட்டும் இருந்தன. மனுப் போட்டு, மூன்று முறை நடந்து, இன்று நகல் கிடைத்தது. 1912-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினை. மராத்தியரின் பழைய மோடி எழுத்துப்போல ஓடும் கையெழுத்து. இரண்டு மணி நேரம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து படித்தேன். ஓரிடத்தில் கை நின்றது:

"மூத்த சகோதரர் நெட்டால் தேசம் போய் ஏழு வருஷ காலமாய் உயிருடனிருப்பதாய் யாதொரு தகவலும் தெரியாதபடியால், அவர் பாகத்தை மேற்படியாருடைய மைனர் குமாரனுக்கு..."

மைனர் குமாரன் என் தாத்தா. கார்டியனாகக் கையெழுத்துப் போட்டவர் சின்னக் கொள்ளுத் தாத்தா. ஊரே மோரீசு மோரீசு என்று சொல்லிக்கொண்டிருக்க, பத்திரம் எழுதியவருக்கு மட்டும் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று தெரிந்திருக்கிறது. 1912-இல் ஏழைக் கழித்தால் 1905. வருஷமும் கிடைத்துவிட்டது.

மார்ச் 3

நேட்டால் விஷயத்தில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம். கப்பல் பட்டியல்கள் பிழைத்திருக்கின்றன. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் 342 பேரை இறக்கியது. அதில் தொடங்கி 1911-இல் இந்திய அரசு நிறுத்தும்வரை போனவர்கள் 1,52,184 பேர். எண்ணிக்கை இவ்வளவு துல்லியமாக இருப்பதற்குக் காரணம், இறங்கிய ஒவ்வொருவருக்கும் வரிசையாக ஓர் எண் கொடுத்தார்கள், கைக்குழந்தைக்கும் சேர்த்து. மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள்: தமிழர்களும் தெலுங்கர்களும்.

டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறது. எண், பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம், எந்த முதலாளியிடம் போனார், கடைசியில் குறிப்பு. நம்மூர் ரேஷன் கார்டில்கூட இத்தனை பத்தி இல்லை.

சிக்கல் எழுத்துக்கூட்டலில். முனிசாமி 'மூன்சாமி' ஆகிறார், ரங்கசாமி 'ரங்சாமி'. எங்கள் தாலுகாவான வந்தவாசியைத் தேடினால் கிடைக்காது, 'வாண்டிவாஷ்' என்று தேட வேண்டும். அங்கேயே தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று 'கவெண்டர்', 'மூட்லி' என்று கையெழுத்துப் போடுகிறார்கள். கவுண்டரும் முதலியாரும்தான் அவர்கள். கண்ணால் படித்தால் பிடிபடாது. வாய்விட்டுப் படித்தால் எழுதிய குமாஸ்தாவின் காதில் என்ன விழுந்தது என்று தெரியும். இரண்டு நாளாக நான் தனியறையில் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டு மனைவி கவலைப்படுகிறாள்.

மார்ச் 10

கிடைத்துவிட்டார்!

1905. வட ஆற்காடு ஜில்லா. பெயர் சரி, தகப்பனார் பெயர் சரி, வயது இருபத்திரண்டு, தனி ஆள். தாலுகாப் பத்தி காலி. ஊர்ப் பெயர் 'பாக்கம்' என்று முடிகிறது, எங்கள் ஊரும் அப்படித்தான். குறிப்புப் பத்தியில்: 1907-இல் மரணம், தேதியோடு.

உடனே குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். நூற்றுக்கும் மேல் கும்பிடு. சித்தப்பா மகன் தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்து திதியே கண்டுபிடித்துவிட்டான். ஆடி அமாவாசைக்குக் காத்திருக்க வேண்டாம், தனியாகக் கொடுக்கலாம், செலவை எல்லாரும் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு ஓடுகிறது. படம் இல்லாததால் ஒருத்தர் தாத்தாவின் படத்துக்கு மீசை வைத்து அனுப்பியிருக்கிறார்.

மார்ச் 24

உறுத்தல். எங்கள் ஊர்ப் பெயரின் நடுவில் ஒரு ழகரம் உண்டு. வெள்ளைக்காரக் காதுக்கு அது ஒரு நாள் 'எல்', ஒரு நாள் 'ஆர்', ஒரு நாள் ஒன்றுமே இல்லை. சோழமண்டலம் கோரமண்டல் ஆனது, கோழிக்கோடு காலிகட் ஆனது. ஆகவே எதை வேண்டுமானாலும் மன்னிக்கலாம் என்று பதினைந்து நாளாக என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். ஆனால் முதல் எழுத்து? ககரத்தில் தொடங்கும் ஊரை நான் ஏன் எங்கள் ஊர் என்கிறேன்? எந்தக் குமாஸ்தாவும் பகரத்தை ககரமாகக் கேட்கமாட்டான்.

வட ஆற்காடு என்பதும் பெரிய ஆதாரமல்ல. 1911 வரை சித்தூரே அந்த ஜில்லாவில்தான் இருந்தது. அதே பெயரும் அதே தகப்பன் பெயரும் உள்ளவர்கள் அந்த ஜில்லாவில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

குழுவில் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தைரியமில்லை என்பதே சரி.

ஏப்ரல் 6

வக்கீல் நண்பனிடம் பத்திர நகலைக் காட்டினேன். அவன் படித்துச் சிரித்தான். "ஏழு வருஷம்னு கரெக்டா எழுதியிருக்கான் பாரு."

1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம், பிரிவு 108. ஒருவரைப் பற்றி, கேள்விப்பட வேண்டியவர்களுக்கு ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதாவது பத்திரத்திலுள்ள ஏழு, காலண்டரைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம். பத்திர எழுத்தர் சொல்லிக்கொடுத்ததாகவும் இருக்கலாம்.

நான் 1905-ஐ வேதவாக்காகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 14

புத்தாண்டு விடுமுறை. 1906 முதல் 1911 வரை திரும்பவும் உட்கார்ந்தேன். இரவு பதினொரு மணிக்கு வந்தார்.

1908. பெயர், தகப்பனார் பெயர். 'வாண்டிவாஷ்'. ஊர் பகரத்தில் தொடங்குகிறது, நடுவில் 'எல்', முடிவில் 'பாக்'. வயது இருபத்தாறு. இடது கணுக்காலில் தழும்பு. சாதிப் பத்தியில் வீட்டார் சொல்வது இல்லை. கப்பலேறுமுன் தங்கவைத்த டிப்போவில் சொன்னது பொய்யோ, வீட்டில் சொல்வது பொய்யோ, அதற்குள் நான் போகவில்லை. எண் ஆறு இலக்கம். அதையும் கப்பலையும் என் நோட்டில் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த எண்ணில் ஒரு பெண். சித்தூர்ப் பக்கத்து ஊர். வயது இருபது. 'மனைவி'.

சென்னை டிப்போவில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் சேர்ந்துகொண்ட ஜோடிகள் இந்தப் பட்டியல்களில் நிறைய உண்டு என்று ஏற்கெனவே படித்திருந்தேன். படிக்கும்போது அது சரித்திரமாக இருந்தது.

குறிப்புப் பத்தியை இன்று படிக்கவில்லை. மூடிவைத்துவிட்டேன்.

ஏப்ரல் 15

படித்தேன். 'மனைவி, இரண்டு குழந்தைகளுடன் இந்தியா திரும்பினார், 1915.'

மே 12

தட்டச்சுப் பிரதியை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தின் கதையை மாற்றக் கூடாது. டர்பனில் தன் முன்னோரைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் பழக்கமானார். நான்காவது தலைமுறை, 'வணக்கம்' தவிரத் தமிழ் இல்லை. காப்பகத்துக்குத் தன் வேலையாகப் போனவர் இரண்டு மூலப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பினார். அவருடைய முப்பாட்டனின் ஊர் 'ஆர்னி' என்று பட்டியலில் இருக்கிறதாம், அது எங்கே என்று கேட்டார். ஆரணியின் வரைபடத்தை அனுப்பினேன். நான் செய்த கைம்மாறு அவ்வளவுதான்.

1905-க்காரரின் பக்கத்தில், தட்டச்சில் விட்டுப்போன தாலுகா தெளிவாக இருக்கிறது: போளூர். அவர் வேறு ஆள். யாரோ ஒரு வீட்டில் அவருக்காகவும் ஒருத்தி காத்திருந்திருப்பாள். அவருக்கு எங்கள் வீட்டில் இரண்டு மாதம் மரியாதை நடந்தது.

1908-க்காரரின் பக்கத்தில் 'பாக்' கழித்து ஒரு சுழிப்பு, அது 'கம்'. நடுவில் 'எல்' அல்ல, 'இசட்'. ழகரத்தைக் கேட்டுத் திண்டாடிய குமாஸ்தா 'இசட்' போட்டிருக்கிறான். பெயர், தகப்பன், தாலுகா, ஊர், நான்கும் பொருந்துகின்றன. இனி 'இருக்கலாம்' என்று எழுத மாட்டேன். அவர்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்தப் போளூர்க்காரரை மிகவும் பிடித்திருந்தது. தனியாகப் போய், இரண்டே வருஷத்தில் செத்து, யாருக்கும் துரோகம் செய்யாதவர். ஆயாவின் பொட்டுக்குப் பொருத்தமானவர்.

மே 26

அவர் இருந்த ஏழு வருஷங்களைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஐந்து வருஷ ஒப்பந்தம். வழக்கமான கூலி முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒன்று கூடி ஐந்தாம் வருஷம் 14. ஒப்பந்தம் முடிவது 1913-இல். முடிந்தபின் மறு ஒப்பந்தம் எழுதாமலும் ஊர் திரும்பாமலும் அங்கே இருந்தால் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுன் வரி. 1895-இல் போட்ட சட்டம். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், நான்கு மாதக் கூலிக்கும் மேலே. பெண்ணுக்கும் அதே வரி. அதே 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தார். டிப்போவில் 'மனைவி' என்று எழுதப்பட்டவள் ஒரே நாளில் யாருமில்லாதவளானாள். அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் வெடித்து நவம்பரில் கடலோரக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. 1914-இல் நிவாரணச் சட்டம் வந்து வரி ஒழிந்தது, திருமணங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது; அங்கே வசிக்கும் உரிமையை விட்டுக்கொடுத்துத் திரும்புகிறவர்களுக்கு இலவசப் பயணமும் உண்டு என்றது. இவர் அதில் வந்தாரா, பழைய ஒப்பந்தப்படி வந்தாரா என்று குறிப்பில் இல்லை.

1915-இல் அவர் சென்னையில் இறங்குகிறார். பத்திரம் பதிவாகி மூன்று வருஷம் ஆகிறது. அதன்படி அவர் ஏறக்குறைய செத்தவர். போனது 1908, 1912-இல் தம்பி எழுதியது ஏழு வருஷம். மூன்று வருஷம் கூட்டிச் சொன்ன பொய். அந்தப் பொய்யில்லாமல் தாத்தாவின் பெயருக்கு நிலம் வந்திருக்குமா என்று வக்கீல் நண்பனைக் கேட்டேன். "இழுத்திருக்கும்" என்றான். நான் படித்தது அந்த நிலத்தின் விளைச்சலில்.

ஊருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாரா, வராமலே இருந்துவிட்டாரா? எந்தக் கப்பல் பட்டியலிலும் இந்தப் பத்தி கிடையாது. மாட்டு வண்டியில் வந்தாலும் இரண்டு மூன்று நாள் தூரம்.

ஜூன் 9

அத்தையிடம் சொன்னேன். போளூர்க்காரர் நம்மவர் இல்லை என்பதில் தொடங்கி, சுற்றி வளைத்து, கடைசியாகச் சித்தூர்க்காரியில் முடித்தேன்.

அத்தை வெகுநேரம் பாக்கை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு அப்ப என்ன வயசு?"

"ஒன்பது இருக்கும் அத்தை."

"அந்தப் பொம்பளைக்கு எந்த ஊருன்ன?"

"சித்தூர்ப் பக்கம். ரெண்டு புள்ளைங்களோட."

"அவ மட்டும் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அவ ஊருக்குப் போயிருப்பா." பாக்குவெட்டி நின்றது. "ஆயா தாலிய கழட்டாதது சரியாத்தான் இருந்திருக்கு, பாரு. எப்ப செத்தாருன்னு போட்டிருக்கா?"

"இல்ல அத்தை. திரும்பினாருன்னு மட்டும்தான்."

"அப்ப திதி கிதி ஒண்ணும் வேணாம்னு உன் குரூப்புல போட்டுடு."