மூன்றாவது கேள்வி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். ஊரில் ‘மிட்வைஃப் மிஸ்’ என்றால் எல்லாருக்கும் தெரியும். கர்ப்பிணிகளைப் பதிவது, கிளினிக், பிள்ளைகளின் நிறை பார்ப்பது, பிரசவமான வீட்டுக்கு முதல் 10 நாளில் இரண்டு தரம் போவது என்று என் நாள் போகும். என்னைப்போல ஒழுங்கைக்கு ஒழுங்கை ஸ்கூட்டியில் திரிகிற யாராவது இதை வாசித்தால், நான் வீணாக்கிய ஒன்பது மாதத்தை அவரும் வீணாக்காமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2022 எப்படிப் போனது என்று நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். கோவிட் வேலை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் பெற்றோல் வரிசை வந்தது. சைக்கிளிலும் நடந்தும் வீடு வீடாகப் போனேன். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷா சத்துமா வரவில்லை, அதற்கும் தாய்மாரிடம் பதில் சொன்னது நான்தான். ஆனால் அதெல்லாம் களைப்பு. நித்திரை கொண்டால் போய்விடும்.

அந்த வருடக் கடைசியில், மாரி மழைக்குள், என் பகுதியில் 18 நாள் பிள்ளை ஒன்று இறந்தது. இரண்டு நாளுக்கு முன்னர்தான் போய்ப் பார்த்திருந்தேன். நிறை கூடியிருந்தது, தொப்புள் காய்ந்திருந்தது, பால் நன்றாகக் குடித்தது. விடியக்காலை தாய் எழும்பிப் பார்த்தபோது அசைவில்லை. செத்த வீட்டு வாசலில் பிள்ளையின் அம்மம்மா என் கையைப் பிடித்தார். “நீங்க வந்து பாத்துப்போட்டு நல்லாயிருக்கு எண்டுதானே மிஸ் சொன்னீங்க?” அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

குழந்தை மரணம் நடந்தால் வெளிக்கள விசாரணை உண்டு. அந்த வீட்டுக்குப் போய் விபரம் எடுப்பதும் நானேதான். கடைசியாக எத்தனை மணிக்குப் பால் கொடுத்தீர்கள், எந்தப் பக்கம் படுக்க வைத்தீர்கள் என்று கேட்டேன். தாய் சொல்லச் சொல்ல எழுதினேன். அப்புறம் கூட்டத்தில் என் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, குறை ஒன்றுமில்லை என்று கோவையை மூடினார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. “இதெல்லாம் பழகிடும்” என்றார் ஒரு மேலதிகாரி. இன்றுவரை எனக்கு அது பழகவில்லை, பழகக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

பிறகு நடந்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை. பச்சைப்பிள்ளை மூச்சு விடுவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுவோம், 60க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். நான் மூன்று தரம் எண்ணத் தொடங்கினேன். படலை வரை வந்து, திரும்பிப் போய் இன்னொரு தரம். இரவு பதினொரு மணிக்குத் தாய்மாருக்குப் போன் எடுத்து “பிள்ளை படுத்திட்டா?” என்று கேட்டேன். அந்த ஒழுங்கையைத் தவிர்க்க வயல் வரம்பைச் சுற்றிப் போனேன். என் சொந்தப் பிள்ளைகள் பேசுவது காதில் விழாது.

2023 செப்டெம்பரில் ஒருநாள், பிரசவமாகி 42 நாளான தாயிடம் எடின்பரோ வினாத்தாளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மன அழுத்தம் இருக்கிறதா என்று அறிய, கடந்த ஏழு நாளைப் பற்றி அதில் பத்துக் கேள்விகள் இருக்கும். மூன்றாவது கேள்வி, ஏதாவது பிழைத்துப்போனால் தேவையில்லாமல் உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டீர்களா என்பது. அவர் இல்லை என்றார். என் பேனை எழுதாமல் நின்றுவிட்டது.

அன்று இரவு எனக்கே அந்தத் தாளை நிரப்பினேன். அது தாய்மாருக்கான தாள் என்பது தெரியும். ஆனாலும் எனக்கு வந்த புள்ளி ஒரு தாய்க்கு வந்திருந்தால் அவரை அடுத்த நாளே வைத்தியரிடம் அனுப்பியிருப்பேன். தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்று போட முன்னர் கொஞ்சம் யோசித்தேன். அந்த யோசனைதான் என்னைப் பயப்படுத்தியது. கிளினிக் சுவரில் நானே ஒட்டிவைத்த 1926 என்ற உளநல உதவி இலக்கத்தை அப்போதுதான் அடித்தேன். தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுக்கலாம். அந்தப் பக்கம் இருந்தவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. நான் அழுது முடியும்வரை இருந்தார், பிறகு உளநல வைத்தியரைப் பார்க்கச் சொன்னார்.

எங்கள் பகுதி வைத்தியசாலை வரிசையில் என்னிடம் பதிந்த தாய்மார் இருப்பார்கள். அதனால் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து அக்கரைக்குப் போனேன். அந்த வைத்தியர் கொஞ்சக் காலத்துக்கு மாத்திரை தந்தார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு உண்மையில் உதவியது அவர் தந்த வீட்டுவேலை. மூச்சை ஒருதரம்தான் எண்ண வேண்டும். திரும்பிப் போகத் தோன்றினால் படலையடியில் நின்று அந்தத் தவிப்பு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். முதல் நாள் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. அது அடங்கவே அடங்காது என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் அடங்கியது. அடுத்த கிழமை ஐந்து நிமிடம்.

இரவு எட்டு மணிக்குப் பிறகு நானாகப் போன் எடுப்பதை நிறுத்தினேன். ஒவ்வொரு தாயின் அட்டையிலும் 1990 அம்புலன்ஸ் இலக்கத்தைப் பெரிதாக எழுதிக்கொடுத்தேன்.

மாதாந்தக் கூட்டம் முடிந்ததும் நாலு மிட்வைஃப்மார் மரத்தடியில் சோற்றுப் பார்சலோடு இருக்கத் தொடங்கினோம். புத்தி சொல்லக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும் என்பது எங்கள் பேச்சு. இரண்டாம் மாதம், எங்களில் மூத்த அக்கா வாய் திறந்தார். 2004இல் நாவலடிப் பக்கம் வேலை செய்தவர். சுனாமிக்குப் பிறகு பதிவேட்டை விரித்து, தான் ஊசி போட்ட பிள்ளைகளின் பெயர்களைச் சிவப்புப் பேனையால் ஒவ்வொன்றாக வெட்டியதைச் சொன்னார். 19 வருடம் அதை யாரிடமும் சொன்னதில்லையாம். சோறு ஆறிப்போனது. ஒருவரும் எழும்பவில்லை.

2025இல் அந்த வீட்டுத் தாய் திரும்பவும் என்னிடம் கர்ப்பிணியாகப் பதிய வந்தார். வேறு மிட்வைஃபிடம் பதிந்து தரட்டுமா என்று கேட்டேன். “ஏன் மிஸ், நீங்க இரிக்கிறீங்கதானே” என்றார்.

பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள் அந்த ஒழுங்கைக்குள் ஸ்கூட்டியைத் திருப்பினேன். பிள்ளை நித்திரை. ஒரு நிமிடம் எண்ணினேன். 46. எழுதிவிட்டு நிமிர, அம்மம்மா தேத்தண்ணியோடு நின்றார். இருந்து குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.