செயற்கைக் காலுக்குள் ஒரு மெல்லிய உணரி

வட இலங்கையின் வன்னியில் செயற்கைக் காலுடன் வாழும் ஒருவரிடம் அவருடைய அன்றாடச் சிரமம் எது என்று கேட்டால், பெரும்பாலும் அவர் சொக்கெற்றுக்குள், அதாவது எஞ்சிய காலைச் செருகும் உறைக்குள், அடைபட்டிருக்கும் தோலைப் பற்றியே பேசுவார். வெயிலில் வேலை செய்யும்போது உள்ளே வியர்வை தேங்குகிறது, ஈரத்தில் ஊறிய தோல் உரசலில் கிழிகிறது, புண் ஆறும்வரை காலை மாட்ட முடியாது, அத்தனை நாளும் வருமானமும் இல்லை. கச்சான் பிடுங்கும் காலத்தில் இதை அனுபவிக்கும் என் பெரியப்பா ஒருமுறை சொன்னார்: “உள்ளுக்க என்ன நடக்குதெண்டு கழட்டினாத்தானே தெரியும் பிள்ளை, கழட்டேக்க தோல் போயிடும்.” உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் நான், தோலில் ஒட்டும் மெல்லிய உணரிகள் பற்றிய பல்கலைக்கழக ஆய்வுகளைத் தேடிப் படிப்பதற்கு அவருடைய அந்த வார்த்தையே காரணம்.

கழற்றாமலே உள்ளே நடப்பதை அறியலாம் என்பதை அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜோன் ரோஜர்ஸ் தலைமையிலான குழு 2020இல் காட்டியது. எஞ்சிய காலின் தோலுக்கும் சொக்கெற்றுக்கும் இடையில் வைத்த மென்மையான, கம்பியற்ற உணரிகள் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் தொடர்ந்து அளந்து வெளியே அனுப்பின. இதற்கு முன்னதாக, 2018இல், பற்றரி இல்லாத 65 உணரிகளை உடலெங்கும் ஒட்டி, படுத்திருப்பவரின் உடலில் எந்த இடம் எவ்வளவு அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ளாகிறது என்பதையும் அந்தக் குழு வரைபடமாக்கியிருந்தது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வின்றிக் கிடக்கும் ஒருவருக்குப் படுக்கைப் புண் என்பது உயிரையே பறிக்கக்கூடியது. போருக்குப் பின் அப்படியானவர்களைப் பராமரிக்கும் குடும்பங்கள் வன்னியில் இருக்கின்றன என்பதை நினைக்கும்போது, இந்த ஆய்வைத் தொலைதூரத்துச் செய்தியாக என்னால் படிக்க முடியவில்லை.

உணரி ஏன் இவ்வளவு மெல்லியதாக இருக்கவேண்டும் என்பதற்கு விடை ஓர் எளிய விதியில் இருக்கிறது. ஒரு தகட்டின் வளைவை எதிர்க்கும் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு விகிதசமமானது. தடிப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் விறைப்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தோலின் மேற்பரப்பு சமதளமன்று. வரிகளும் மேடுபள்ளங்களும் நிறைந்தது. தடித்த தகடு அந்த மேடுகளின் உச்சியை மட்டுமே தொட்டு நிற்கும். இடைவெளிகளில் காற்று இருக்கும். உடல் அசையும்போது அந்தத் தொடுகை மாறிக்கொண்டே இருப்பதால், இதயத்தின் மின் சமிக்ஞை போன்று நாம் அளக்க விரும்புவதோடு அசைவின் குழப்பமும் கலந்துவிடும். தகடு ஒரு மைக்ரோமீற்றருக்கும் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும்) குறைவாக மெலியும்போது அது பள்ளங்களுக்குள்ளும் படிந்து, பசை எதுவுமின்றி, மூலக்கூறுகளுக்கு இடையிலான வண்டர் வால்ஸ் விசைகளாலேயே தோலோடு ஒட்டிக்கொள்கிறது.

இந்த எல்லையை நோக்கிய பயணம் வேகமாக நடந்தது. ரோஜர்ஸ் இலினோய் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 2011இல் தோல்போல நெகிழும் மின்சுற்றை அவருடைய குழு வெளியிட்டது. 2013இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தக்காவோ சொமேயாவின் குழுவினர் ஏறத்தாழ 2 மைக்ரோமீற்றர் தடிப்பில், ஒரு சதுர மீற்றருக்கு 3 கிராம் மட்டுமே எடையுள்ள மின்சுற்றுத் தாளை உருவாக்கினார்கள். 2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஒஸ்ரின் வளாகத்தில் நான்ஷு லு, டெஜி அக்கின்வாண்டே ஆகியோரின் குழுக்கள் கிராபீனால், அதாவது ஓரணுத் தடிப்புள்ள காபன் படையால், செய்த உணரியின் மொத்தத் தடிப்பு, தாங்கு படலத்தையும் சேர்த்து, 463 நனோமீற்றர், அதாவது அரை மைக்ரோமீற்றருக்கும் குறைவு. நம் தோலின் இறந்த மேற்படையே 10 முதல் 20 மைக்ரோமீற்றர் தடிப்புள்ளது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிறுவர்கள் கையில் நீர் தடவி ஒட்டும் படம்போல இதையும் ஒட்டலாம். 2022இல் இதே வகையான கிராபீன் துண்டுகளை மணிக்கட்டில் ஒட்டி, 300 நிமிடங்களுக்கும் மேலாக இரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து கணிக்க முடிந்தது. ஆனாலும் தோலில் ஒட்டும் பகுதி மட்டுமே மெல்லியது. அதோடு இணையும் மின்னணுச் சில்லும் மின்வழங்கலும் இன்னும் விறைப்பானவையே, மெல்லிய படலம் விறைப்பான சுற்றோடு சேரும் இடமே முதலில் அறுந்துபோகிறது.

எனக்கு இவை எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது வியர்வைதான். எவ்வளவு மெல்லிய படலமானாலும் துளையில்லாமல் இருந்தால் அதன் கீழே வியர்வை தேங்கும். சொக்கெற்றுக்குள் ஏற்கெனவே இருக்கும் துன்பத்தை உணரியே பெருக்கிவிடும். இதற்கு நான் கண்ட மிக நேர்த்தியான தீர்வு, சொமேயாவின் குழு 2017இல் வெளியிட்ட தங்க வலை. நீரில் கரையும் பொலிவினைல் அற்ககோலை மின்புலத்தால் இழுத்து நனோமீற்றர் அளவிலான இழைகளாக நெய்து, அவற்றின்மேல் தங்கத்தைப் படியச்செய்து, தோலில் வைத்துச் சிறிது நீர் தெளித்தால், இழைகள் கரைந்துபோகத் தங்க வலை மட்டும் தோலில் எஞ்சி நிற்கும். வலையின் கண்கள் வழியே காற்றும் வியர்வையும் தடையின்றிப் போய்வரும். 20 பேர் ஒரு வாரம் அணிந்து பார்த்தபோது தோலில் அழற்சி காணப்படவில்லை. ஆனால் திறந்த கையில் ஒரு வாரம் நிலைத்த வலை, சித்திரை மாத நண்பகலில், உடலின் பாரம் முழுவதும் அழுத்தும் சொக்கெற்றுக்குள், உப்பு வியர்வையில், தூசியில் எத்தனை மணிநேரம் தாக்குப்பிடிக்கும் என்பதை இந்த வெயிலில் வேலை செய்பவர்களிடம்தான் சோதிக்கவேண்டும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. விரலில் மாட்டி ஒட்சிசன் அளவைக் காட்டும் கருவி பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்த பின்னரே, கறுப்பின நோயாளர்களிடம் ஒட்சிசன் குறைந்திருப்பதை அது தவறவிடும் வாய்ப்பு வெள்ளையின நோயாளர்களிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்பதை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் சுட்டிக்காட்டினார்கள். ஒளியால் அளக்கும் எந்த மெல்லிய உணரியும் நம் தோலின் நிறத்திலும், வேலைசெய்து தடித்த நம் தோலிலும் சோதிக்கப்படாமல் இங்கே வந்தால், அதன் எண்களை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல எவருக்கும் ஆதாரம் இருக்காது.

போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் உலகின் மிகத் தூய காரீயம் (பென்சிலில் உள்ள கிராபைற்று) கிடைக்கிறது, கிராபீனும் காரீயத்தின் ஒற்றைப் படைதான், ஆகவே இந்தத் துறை இயல்பாகவே இலங்கைக்குரியது என்று மாணவர்கள் ஆர்வத்தோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2004இல் மான்செஸ்டரில் அந்திரே கெய்மும் கொன்ஸ்ரான்ரின் நொவசெலொவும் ஒட்டுநாடாவால் காரீயத்தை உரித்தே கிராபீனைப் பிரித்தார்கள் என்பது உண்மை. ஆனால் டெக்சாஸ் உணரியில் இருப்பது செப்புத் தகட்டின்மேல் மெதேன் வாயுவிலிருந்து வளர்த்த கிராபீன். அதற்குச் சுரங்கம் தேவையில்லை, உயர்வெப்ப உலையும் தூய்மையான ஆய்வுகூடமும் தேவை. நம் காரீயம் மின்கடத்தும் மைகளுக்கு உதவக்கூடும்.

வன்னிக்குப் பொருத்தமான தொடக்கம் வேறொன்று என்று நான் கருதுகிறேன். ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரூரின் குழு 2014இல், பொலியிமைட்டு என்ற பிளாஸ்ரிக் தாளின்மேல் காபனீரொட்சைட்டு லேசரை ஓட்டினாலே அந்தத் தடத்தில் நுண்துளைகளுள்ள கிராபீன் உருவாகிறது என்று காட்டியது. அது அணுத் தடிப்பு அளவுக்கு மெல்லியதன்று, ஆனால் லேசரால் வெட்டும் இயந்திரம் உள்ள ஆய்வுகூடத்தில் மாணவர்களே செய்து பார்க்கத்தக்கது. வெப்பநிலையையும் அழுத்தத்தையும் உணரக்கூடியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகமும் வன்னியிலேயே இருக்கிறது. செயற்கைக் கால் அணிபவர்களும் இதே ஏ9 வீதியின் இருபுறமும் வாழ்கிறார்கள். நீரிழிவால் காலை இழந்தவர்களையும் இதில் சேர்க்கவேண்டும். நரம்புகள் மரத்துப்போன அவர்களுக்குப் புண் வலிக்காது என்பதால் அவர்களுக்கே இந்த எச்சரிக்கை அதிகம் தேவை.

முதல் ஆய்வு பெரிதாக இருக்கவேண்டியதில்லை. சிறுபோக காலத்தில், வயலிலோ தோட்டத்திலோ வேலை செய்யச் சம்மதிக்கும் சிலரின் சொக்கெற்றுக்குள் வெப்பநிலையை மட்டும் காலையிலிருந்து மாலைவரை அளந்து, எந்த நேரத்தில், எந்த வேலையின்போது, எந்த இடத்தில் அது ஏறுகிறது என்பதைப் பதியலாம்; மாலையில் தோலைத் தாதியர் ஒருவர் பார்த்து அந்தப் பதிவோடு ஒப்பிடலாம். ஈரப்பதனும் அழுத்தமும் அடுத்த போகத்துக்குக் காத்திருக்கலாம். சொக்கெற்றை எங்கே தளர்த்துவது, எங்கே காற்றுக்கு வழிவிடுவது என்பதைக் கால் செய்து கொடுப்பவர் அந்த வரைபடத்தைப் பார்த்தே தீர்மானிக்கலாம். பதிவின் ஒரு பிரதி அணிந்தவரின் கையிலேயே, தமிழில், அவர் வாசித்து விளங்கிக்கொள்ளும் வடிவில் கொடுக்கப்படவேண்டும் என்பதை ஆய்வின் நிபந்தனையாகவே எழுதிவைக்கவேண்டும்.